உச்சமுனைக்கு எந்த ரொட்? ஒரு தூண்டில்கோலின் வரலாறு

"எந்த ரொட் வாங்கிறது?" இந்தக் கேள்வி எங்கட வட்டத்துக்குள்ள கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருக்கு. அமெரிக்கர்களும் ஜப்பான்காரரும் சுண்டுவிரல் அளவு ரப்பர் புழுவை வைத்துப் பெரிய பெரிய பாஸ் மீன்களைத் தூக்குகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. அந்த முறைக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஃபினெஸ்'. நுணுக்கம், நயம், மெல்லக் கையாளுதல் எண்டு எப்படியும் சொல்லலாம். எங்களுக்கு அதைச் செய்துபார்க்க வேண்டிய இடம் உச்சமுனை. கல்பிட்டியிலிருந்து படகில் வடக்கே போனால் வருகிற மணல் நீட்டு. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் திறந்த கடல். வாடிகள், வள்ளங்கள், காயப்போட்ட மீன், இப்ப கொஞ்சக் காலமாகக் காற்றுப்பட்டத்தில் தண்ணிக்கு மேலே பறக்கிற வெளிநாட்டுக்காரர்.

கடையில் போய்க் கேட்டால் ஒரு விடை கிடைக்கும், அந்த விடைக்கு ஒரு விலையும் இருக்கும். ஆனால் ரொட்டின் அடியில் அச்சடித்திருக்கிற சின்ன எழுத்துகளை வாசித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலயும் ஒரு வரலாறு கிடக்கு. அதில் ஒரு பகுதி எங்கட மூங்கிலுக்குள்ளாலயும் எங்கட ஆட்களின் கைவிரலுக்குள்ளாலயும் போகுது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் காசு மிஞ்சும் எண்டு நினைக்கிறோம்.

முதலில் ஃபினெஸ் எண்டால் என்ன எண்டு பார்ப்போம். மீன் பசியோடு பாய்ந்து வருகிற நேரத்தில் எந்த ரொட்டும் சரிதான். பிரச்சினை, மீன் பழகிவிட்ட இடத்தில். ஒரு குளத்தில் வருசக்கணக்காகத் தூண்டில் போட்டால் மீன் கற்றுக்கொள்ளும். பெரிய இரை, பெரிய சத்தம், தடித்த நூல் எல்லாத்தையும் அது சந்தேகப்படும். அப்ப இரையைச் சின்னதாக்கி, நூலை மெல்லிசாக்கி, அசைவைக் குறைத்து, அதன் மூக்குக்கு முன்னால் சும்மா தொங்கவிட்டு வைத்திருக்க வேண்டும். பாஸ் மீன் கடிக்கிறதில்லை, உறிஞ்சும். வாயைத் திறந்ததும் தண்ணியோடு இரையும் உள்ளே போகும். பிழை எண்டு பட்டால் அடுத்த கணமே துப்பிவிடும். அந்தக் கணத்துக்குள் பிடிக்கிற ஆளுக்குச் செய்தி வந்து சேர வேண்டும். ஃபினெஸ் ரொட் எண்டு விற்கிறதெல்லாம் அந்தச் செய்தியைக் கொண்டுவருகிற ஒரு கம்பிதான்.

பழகிவிட்ட மீன் எண்டதும் எங்களுக்குச் சங்க இலக்கியம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடின பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பாண்மகன் மீன்பிடிக்கிறான். நீளமான மூங்கில்கோல், அதில் கட்டின நாண், வளைந்த இரும்பு முள், அதில் பொதிந்த இரை. வாளைமீன் ஒன்று வந்து இரையைக் கவ்வி எடுத்துக்கொண்டு முள்ளை வெறுமனே விட்டுவிட்டுத் தப்பிவிடும். அதுக்குப் பிறகு நடக்கிறதுதான் விசேசம். கரையோரம் நிற்கிற பிரம்பின் நிழல் தண்ணியில் ஆடினாலே அந்த வாளை வெருளும். ஒருக்கால் முள்ளைக் கண்ட மீன், கோல் மாதிரித் தெரிகிற எல்லாத்துக்கும் பயப்படும் எண்டு கிட்டத்தட்ட 2000 வருசத்துக்கு முதலே கவனித்திருக்கினம். இண்டைக்கு பாஸ் பிடிக்கிறவர்கள் இதைத்தான் நெருக்கடிக்குள்ளான மீன் எண்டு சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுகினம். கோல், நாண், முள், இரை எண்டு நாலையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிற அந்தக் கண், மீன்பிடிக்கிற ஒருவரோடு கூட இருந்து பார்த்த கண்தான் எண்டு எங்களுக்குப் படுது.

இனி உச்சமுனைக்கு வருவோம். அங்க தொழிலுக்குப் போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ரொட்டே இருக்காது. வலை இருக்கும். தூண்டல் போடுகிறவர் எண்டால் தங்கூசியும் முள்ளும் ஈயமும் மட்டும்தான். வள்ளத்தின் விளிம்புக்கு மேலால் தங்கூசியை இறக்கி, ஆட்காட்டி விரலின் மேல் ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பினம். விளமீன் கொத்துகிறது வேற, கலவாய் இழுக்கிறது வேற, பாறையில் ஈயம் முட்டுகிறது வேற. அவ்வளவும் விரலில் தெரியும். ஒரு தூண்டில்கோல் செய்கிற வேலை மூன்று: தூரம் எறியும், இழுவையைத் தாங்கும், செய்தி சொல்லும். வள்ளத்தில் இருக்கிறவருக்குத் தூரம் தேவையில்லை, வள்ளமே மீனுக்கு மேல் நிற்குது. இழுவையைத் தாங்க, மீன் ஓடும்போது நூலை விட்டுக்கொடுத்து, நிற்கும்போது எடுத்துக்கொண்டால் போதும். செய்திக்கு விரல் இருக்கு. பிறகென்னத்துக்குக் கோல்?

கணவாய்த் தூண்டலை எடுத்துப் பாருங்கோ. இறால் உருவத்தில், பின்பக்கம் முள் வட்டம் வைத்த செயற்கை இரையைக் கையால் மெல்லச் சுண்டிச் சுண்டி இறக்குகிற முறை மன்னார் வளைகுடாவின் இரண்டு கரையிலும் இருக்கு. அந்த இரையின் பூர்வீகம் ஜப்பான். அங்க அதுக்கு 'எகி' எண்டு பெயர், முதலில் மரத்தில் செதுக்கினது. சின்ன இரை, சின்ன அசைவு, கனத்தில் வருகிற ஒரு மாற்றத்தை வைத்தே கணவாய் பிடித்துவிட்டது எண்டு அறிகிறது. முழுக்க ஃபினெஸ். ரொட் மட்டும் இல்லை.

கரையில் நின்று பிடிக்கிற பொடியன்மார் தங்கூசியைப் பிளாஸ்டிக் போத்தலில் சுற்றி வைத்திருப்பாங்கள். முள்ளையும் ஈயத்தையும் தலைக்கு மேல் சுழற்றி எறியும்போது போத்தலின் வாயைக் கடல் பக்கம் நீட்டிப் பிடித்தால், நூல் போத்தலைச் சுழற்றாமலே அதன் நுனியால் வளையம் வளையமாகக் கழன்று பறக்கும். இது லேசான காரியம் எண்டு நினைக்கக் கூடாது. பழைய ரீல்களில் நூல் வெளியே போக வேண்டுமெண்டால் உருளை சுழல வேண்டும். லேசான இரையால் அதைச் சுழற்ற ஏலாது. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் நெசவாலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வர்த் 1905இல் உருளை சுழலாத ரீல் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். ஆலையில் நூற்கண்டின் நுனியால் நூல் கழன்று வருகிறதைப் பார்த்து வந்த யோசனை எண்டு சொல்லுவார்கள். இண்டைக்கு 'ஸ்பின்னிங் ரீல்' எண்டு நாங்கள் வாங்குவது அதன் பேரப்பிள்ளை. இரண்டு கிராம் இரையை எறிய முடிந்தது அதாலதான். தத்துவம் போத்தலிலும் அதேதான். இல்லிங்வர்த்தின் ரீலில் நூலைத் திருப்பிச் சுற்ற ஒரு கைபிடி கூட இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோல் எங்கட கடலுக்குப் புதுசு எண்டு சொல்லவில்லை. ஆனால் இருந்த கோல் வேற வேலைக்கு. மாலைதீவிலும் மினிக்கோயிலும் சூரை பிடிக்கிற கோலைப் பாருங்கோ: நல்ல நீளம், உரம், ரீல் கிடையாது, முள்ளில் கொளுக்கிப்பல் கிடையாது. உயிருள்ள குஞ்சுமீனைத் தூவி, தண்ணியைத் தெளித்து, சூரைக் கூட்டம் வெறிகொண்டு நிற்கும்போது கோலைப் போட்டு ஒரே வீச்சில் தலைக்கு மேலால் வள்ளத்துக்குள் எறிவார்கள். முள் தானாகக் கழரும். அடுத்தது. இதில் செய்தி கேட்க நேரமேது? அந்தச் சூரைதான் அவிந்து புகைபட்டுக் காய்ந்து மாசியாகி எங்கட சம்பலுக்குள் வருது. மாலைதீவில் காதியாக இருந்த இபுனு பதூதா அந்த மீனைப் பற்றியும் அது வெளிநாடுகளுக்குப் போவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1344இல் அவர் அங்கிருந்து வந்து கரையேறின 'பத்தாலா' எண்ட ஊர் புத்தளம்தான் எண்டு பொதுவாகக் கொள்ளப்படுது. கரையில் குவிந்து கிடந்த கறுவா மரங்களையும் ஆரியச்சக்கரவர்த்தியையும் பற்றி எழுதினவர், களப்பில் ஆர் என்ன தூண்டல் போட்டார்கள் எண்டும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தெற்கே கொக்கல, வெலிகம பக்கம் கடலில் நட்ட கம்பில் குந்தியிருந்து பிடிக்கிறார்களே, அதுவும் கோல்தான். ஏதோ ஆதிகாலத்து வழக்கம் எண்டு விளம்பரத்தில் வந்தாலும், இரண்டாம் உலகப் போர் காலத்தில் சாப்பாட்டுத் தட்டுப்பாட்டோடு தொடங்கின பழக்கம் எண்டுதான் சொல்லப்படுது. இண்டைக்கு அந்தக் கம்புகளில் பல படமெடுக்கிறவர்களுக்காக நிற்குது. மீனைவிடப் படத்துக்குக் கூடக் காசு. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கடல் ஒழுங்காகத் தராத வருமானத்தை ஒரு கமரா தந்தால் எவரும் எடுப்பார். ஆனால் ஒரு கருவி தொழிலிலிருந்து காட்சிக்கு மாறுவது எவ்வளவு வேகமாக நடக்கும் எண்டதுக்கு இந்தத் தீவிலேயே ஒரு சாட்சி இருக்கு எண்டதை மனதில் வைத்துக்கொள்ளுவோம்.

இப்ப கடையில் இருக்கிற ரொட்டின் நேரடி மூதாதையைத் தேடினால் அது கல்கத்தா துறைமுகத்துக்குப் போகுது. 1840-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் எண்ட ஊரில் சாமுவேல் ஃபிலிப்பி எண்ட துப்பாக்கித் தொழிலாளி, மூங்கிலை நீளவாக்கில் கீறிக் கீலங்களாக்கி ஒட்டி ரொட் செய்தார். மூங்கிலின் பலமெல்லாம் வெளித்தோலுக்கு அடுத்த நாரில்தான், உள்பக்கம் பஞ்சு. ஆகவே உள்பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு, வெளி நாரை மட்டும் முக்கோணக் கீலங்களாக எடுத்துச் சேர்த்தால் மெல்லிய, உரமான, வளைந்தால் திரும்ப நிமிர்கிற கோல் கிடைக்கும். மேய்ன் மாநிலத்து ஹைரம் லெனார்ட் 1870-களில் ஆறு கீலம் வைத்த அறுகோண ரொட்டை இயந்திரத்தில் கீறிப் பெரிய தொழிலாக்கினார். இவ்வளவுக்கும் மூங்கில் எங்கிருந்து போனது? இந்தியாவிலிருந்து. 'கல்கத்தா கேன்' எண்டு வணிகப் பெயர். தமிழில் கல்மூங்கில் எண்டு சொல்லுகிறோமே, அந்த இனம். மேலே தீ வாட்டின கறுப்புத் தழும்பை வைத்து இண்டைக்கும் பழைய ரொட் சேகரிப்பவர்கள் அது கல்கத்தா மூங்கில் எண்டு கண்டுபிடிப்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்சீனத்து 'டொங்கின்' மூங்கில் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. மூங்கிலை வெட்டினவர், வாட்டினவர், கப்பலேற்றினவர் ஒருவருடைய பெயரும் ரொட்டில் இல்லை. லெனார்டின் பெயர் மட்டும் கைபிடியில் பொறித்திருக்கு.

அந்த ரொட்கள் திரும்பி வந்தது துரைமாரின் கையில். மதராஸ் சிவில் சேவையில் இருந்த ஹென்றி சல்லிவன் தோமஸ் 1873இல் 'த ரொட் இன் இந்தியா' எண்ட புத்தகத்தை எழுதினார். 1887இல் குளத்துத் தூண்டிலுக்கெண்டே இன்னொரு புத்தகம். ஏரி, குளங்களில் லேசான கருவியோடு கவனமாகப் பிடிக்கிறதைப் பற்றி அவ்வளவு விலாவாரியாக அதுக்கு முதல் இந்தப் பக்கம் ஒருவரும் அச்சில் எழுதவில்லை எண்டுதான் நினைக்கிறோம். நல்ல கவனிப்பாளர். மீன்குஞ்சுகள் அழிகிறதைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தவரும் அவர்தான். வெடியும் நஞ்சும் போட்டு மீன்பிடிப்பதைத் தடுத்த இந்திய மீன்பிடிச் சட்டம் 1897இல் வந்தது. ஆனால் அந்த வகை எழுத்துகளில் திரும்பத் திரும்ப ஒரு பார்வை தெரியும்: துரை பிடித்தால் அது விளையாட்டு, அதில் ஒரு நாகரிகம் இருக்கு, ஊர்க்காரன் பிடித்தால் அது அழிப்பு. இலங்கையில் இந்தப் பிரிவு இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 1880-களில் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கியது. தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற எங்கட சனத்தின் லயத்துக்குப் பக்கத்தால் ஓடின ஓடையில், துரை வெளியூர் மீனை வெளியூர்க் கோலால் பிடித்தார்.

கண்ணாடி நார் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1940-களின் கடைசியில் ஷேக்ஸ்பியர் கொம்பனி ஃபைபர் கிளாஸ் ரொட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1950 கடைசியில் அமெரிக்கா சீனாவோடு வணிகத்தை நிறுத்தினதும் டொங்கின் மூங்கில் நின்றுபோனது. மூங்கில் ரொட்டின் காலம் அதோடு முடிந்தது. கொரியப் போர் ஒரு மீன்பிடிக் கோலைச் சாகடித்தது எண்டு சொன்னால் மிகையில்லை. கிளாஸ் மலிவு, உடையாது, ஆனால் சோம்பேறி. நுனியில் நடக்கிறது கைக்கு வரும்போது பாதி கரைந்துவிடும். இந்தப் பக்கக் கரைகளில் அதே காலத்தில் வந்த மாற்றம் கோலில் வரவில்லை, நூலில் வந்தது: பருத்தியும் சணலும் போய் நைலோன். தங்கூசி எண்ட சொல் மீன்பிடிக் கரைகளில் குடியேறினது அப்படித்தான். பிறகு அதே தங்கூசியில் வலை பின்னத் தொடங்கி, அந்த வலை சட்டப்படி தடையாகி, தடைக்குப் பிறகும் கடலில் கிடந்து, அது இன்னொரு கட்டுரைக்கு உள்ள சண்டை.

காபன் நார் 1960-களின் தொடக்கத்தில் ஒசாக்காவில் அகியோ ஷிண்டோவின் ஆராய்ச்சியில் உருவெடுத்தது. 1971இல் டொரே கொம்பனி அதை வணிக அளவில் செய்யத் தொடங்கியது. விமானத்துக்கு வந்த பொருள்தான், ஆனால் விமானக் கொம்பனிகள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதை வாங்கினது மீன்பிடிக் கோலும் கோல்ஃப் மட்டையும். ஜப்பானில் ஆற்று 'அயு' மீனைப் பிடிக்கிற கோல் ஒன்பது மீற்றர் வரைக்கும் நீளும். அதை நாள் முழுக்க ஏந்தி நிற்கிறவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு. காபன் ரொட்கள் முதலில் அங்க சந்தைக்கு வந்தது அப்படி. 1970-களின் நடுவுக்குள் அமெரிக்காவில் ஃபென்விக் கொம்பனியும் கொண்டுவந்துவிட்டது. லேசு, விறைப்பு, அதிர்வை விழுங்காமல் கைக்குக் கொண்டுவரும். ரொட்டில் 24 டன், 30 டன், 40 டன் எண்டு எழுதியிருக்கிறது அந்த விறைப்பின் அளவு. ஏதோ அவ்வளவு பாரம் தூக்கும் எண்டு கடையில் சிலர் சொல்லுவார்கள், நம்பக் கூடாது. டன் கூடக் கூட மெல்லிசாக, லேசாக, உணர்வோடு செய்யலாம். கூடவே நொறுங்கும் சுபாவமும் கூடும். வள்ளத்தின் விளிம்பில் ஒரு தட்டு, முடிந்தது.

ஃபினெஸ் தனி முறையாகத் திரண்டது இந்தக் கருவிகள் கைக்கு வந்த காலத்தில்தான். டென்னசியைச் சேர்ந்த சார்லி புரூவர் 1970 அளவில் சின்ன ரப்பர் புழுவை லேசான தலையோடு மெல்ல இழுத்துக்கொண்டு வருகிற முறையைப் பரப்பினார். கூட இருந்தவர்கள் தடித்த கோலும் தடித்த நூலுமாக நின்ற காலம் அது. ஜப்பானின் கதை இன்னும் சுவையானது. பெருவாய் பாஸ் ஜப்பான் மீனே இல்லை. 1925இல் அகபோஷி டெட்சுமா எண்ட தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஹக்கோனேயின் அஷி ஏரியில் விட்டார். சின்ன நாடு, கொஞ்ச ஏரி, கணக்கில்லாத தூண்டில்காரர். மீன் எல்லாம் அந்த வாளை மாதிரி நிழலுக்கு வெருளத் தொடங்கியது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 'ட்ரொப் ஷொட்': ஈயம் கீழே, முள் அதுக்கு ஒரு சாண் ரெண்டு சாண் மேலே, இரை தரையில் படாமல் நின்ற இடத்திலேயே நடுங்கும். 1990-களின் கடைசியில் அது அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. எங்கட கைத்தூண்டல்காரருக்கு இது புதுசா? ஈயத்தை அடியில் கட்டி முள்ளை மேலே கிளையாக விடுகிறது ஆழக் கடல் தூண்டலில் சாதாரணம். சாண் கணக்கு வேற, நோக்கம் வேற, கட்டு ஒன்றுதான். அதே நேரம் ஜப்பானில் பாஸ் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்ததால், 2005இல் அதை ஆபத்தான அந்நிய இனமாகச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு 'இங்கயும் கொண்டுவந்து விட்டால் என்ன' எண்டு கேட்கிற தம்பிமாருக்கு அஷி ஏரியின் பெயரைச் சொன்னால் போதும்.

எங்களுக்கு அந்த மீன் தேவையும் இல்லை. களப்பு வாயில் கொடுவா இருக்கு. ஆங்கிலத்தில் 'ஆசிய ஸீ பாஸ்', அவுஸ்திரேலியாவில் பரமுண்டி. அமெரிக்கப் பாசோடு குடும்ப உறவு கிடையாது, ஆனால் பழக்கம் ஒன்றே: ஒளிந்திருந்து, வாயைத் திறந்து, உறிஞ்சி, பிடிக்காவிட்டால் துப்பும். களப்பிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிடக் கடல் வாய்க்கு வரும். இன்னொரு விசயம்: கொடுவா முதலில் ஆணாக இருந்து வளர்ந்து பிறகு பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா எண்டால் பெரும்பாலும் முட்டைக்காரி. பெரிசைப் பிடித்துப் படமெடுக்கிற ஆசை உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

யோசிக்க வேண்டிய இன்னொன்று, இந்தக் கரை ஆருடைய கரை எண்டது. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் சனத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம், கல்பிட்டிப் பக்கம். மன்னாரிலிருந்து வள்ளங்களில் கல்பிட்டிக்கு வந்திறங்கினவர்கள் பலர். ஏற்கெனவே இருந்த தமிழ், சிங்கள, முஸ்லிம் மீனவர்கள், பருவத்துக்கு வாடி போட வருகிற நீர்கொழும்பு, சிலாபம் ஆட்கள், இப்ப புதுசாக வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே களப்பு. கையில் ஒன்றுமில்லாமல் ஒரு கரைக்கு வருகிறவனுக்கு வலையும் வள்ளமும் எட்டாது; தங்கூசியும் முள்ளும் எட்டும். 2000-களில் கல்பிட்டியின் 14 தீவுகளைச் சேர்த்து ஒரு பெரிய சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. உச்சமுனையும் அதுக்குள். வாடிக் காணியும் வள்ளம் இழுக்கிற கரையும் போகும் எண்டு மீனவர் அமைப்புகள் எதிர்த்தன. அந்த இழுபறி முடிந்த கதையில்லை. சுற்றுலா வந்தால் கூடவே 'ஸ்போர்ட் ஃபிஷிங்' வரும், அதோடு ரொட் வரும். ரொட் பிடித்த கைக்கு மரியாதையும் போத்தல் பிடித்த கைக்கு அதட்டலும் கிடைக்கிற நாள் ஒன்று வந்துவிடக் கூடாது எண்டதுதான் எங்கட பயம். துரைமார் காலத்துப் பிரிவு அப்படித்தான் தொடங்கியது. ஊர்ப் பொடியன் ஒருவனே நல்ல ரொட்டோடு நின்று, தன் தகப்பனின் விரல் படித்ததை அதில் பொருத்திப் பார்த்தால் கதை வேற.

சரி, வாங்கிற கதை. வீடியோவில் சொல்லுகிற ஃபினெஸ் ரொட் இதுதான்: 6 அடி 8 அங்குலம் முதல் 7 அடி 2 அங்குலம் வரை நீளம், ஸ்பின்னிங் ரீலுக்கு உரியது, 'மீடியம் லைட்' பவர், 'ஃபாஸ்ட்' அல்லது 'எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்' அக்ஷன், 2 முதல் 10 கிராம் இரை, 6 முதல் 8 இறாத்தல் நூல். பவர் எண்டால் வளைக்க எவ்வளவு பலம் வேணும் எண்டது. அக்ஷன் எண்டால் எந்த இடத்தில் வளையுது எண்டது. ஃபாஸ்ட் எண்டால் நுனி மூன்றிலொரு பங்கு மட்டும் வளையும், கீழே விறைப்பாக நிற்கும். நுனி மென்மையாக இருந்தால் உறிஞ்சுகிற மீனுக்குக் கோலின் விறைப்புத் தட்டாது. அடி விறைப்பாக இருந்தால் முள் ஏறும். இதில் இரண்டு சொல்லையும் குழப்பிக்கொண்டு வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

இதை அப்படியே உச்சமுனைக்குக் கொண்டுபோகக் கூடாது. மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் காற்று அடிக்கிற அடியில் மூன்று கிராம் இரை உங்கட முகத்துக்கே திரும்பி வரும். காற்றுப்பட்டக்காரர் அந்தக் காற்றைத் தேடித்தானே வருகினம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. 8 இறாத்தல் நூலை ஒரு தலையாட்டலில் அறுக்கும். ஆகவே எங்கட தெரிவு: 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் அக்ஷன், 7 முதல் 21 கிராம் இரை எறியக்கூடியது. 10 முதல் 15 இறாத்தல் பின்னல் நூல், நுனியில் ஒரு பாகம் நீளத்துக்கு 25 அல்லது 30 இறாத்தல் தடித்த தங்கூசி. காபன் 24 அல்லது 30 டன் போதும், கொஞ்சம் கிளாஸ் கலந்தால் இன்னும் நல்லது. 40 டன் ரொட் படகில் ஏறி இறங்குகிற வாழ்க்கைக்குத் தோதுப்படாது. நூல் ஓடுகிற வளையங்கள் உப்புக்குக் கறல் பிடிக்காத வகையா எண்டு கட்டாயம் பாருங்கோ. விலையைக் குறைக்கிற கொம்பனிகள் முதலில் கைவைக்கிற இடம் அது. உண்மையான இரண்டு கிராம் ஃபினெஸ் வேணுமெண்டால், பருவம் மாறுகிற மார்ச், ஏப்ரலிலோ ஒக்டோபரிலோ, காற்று விழுந்த காலையில், களப்புப் பக்கம் கண்டலோரம் போட்டுப் பாருங்கோ. மீடியம் லைட் ரொட்டுக்கு அந்தக் காலைகள்தான்.

கடையில் வாங்கும்போது ஒரு சோதனை. ரொட்டின் நுனியைக் கூட வந்தவரிடம் கொடுத்து நகத்தால் மெல்லச் சுரண்டச் சொல்லுங்கோ. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, ரீல் பூட்டுகிற இடத்துக்கு முன்னால் வெறும் காபனில் ஆட்காட்டி விரலை வைத்திருங்கோ. சுரண்டல் விரலில் கூர்மையாகத் தெரிந்தால் எடுக்கலாம். மழுங்கித் தெரிந்தால் அதன் விலை எவ்வளவாக இருந்தாலும் வைத்துவிட்டு வரலாம். மீன்பிடிக்கும்போதும் விரலை அங்கேயே வைத்திருங்கோ. காபன் மின்சாரம் கடத்தும். ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடி கேட்டால் ரொட்டைக் கீழே போட்டுவிட்டு வாடிக்குள் போய்விட வேண்டும். வந்ததும் ஈரத்துணியால் ரொட்டையும் வளையங்களையும் துடைத்து, ரீலைக் கழற்றி நிழலில் காயவிட்டால் போதும், வாளிக்கணக்கில் நல்ல தண்ணி ஊற்றத் தேவையில்லை.